குடித்துப் பார்த்துச் சேர்த்த கல்லூரி

எங்கள் வீட்டில் நிலம் வாங்குவதோ சம்பந்தம் பேசுவதோ எதுவானாலும், முதலில் அந்த இடத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே போகப் போகத் தண்ணீர் கரிக்கும். நைனா ஒருமுறை அவசரப்பட்டுக் குடித்துப் பார்க்காமல் வாங்கிய இரண்டு காணியில் நெல் கருகி, கோரைதான் மண்டியது. அன்றிலிருந்து வெளியூர் கிளம்பினால் அவர் மஞ்சள் பையில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கும். அக்காவைக் கொடுத்தபோதுகூட மாப்பிள்ளைக்கு முன்னால் அந்த வீட்டுக் கிணற்றைத்தான் பார்த்தார். எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, என் தலையில் வந்து விடியும்வரை.

சோழவரத்தில் கார் பந்தயம் பார்க்கப் புளியமரம் ஏறி, கிளையோடு கீழே வந்து கையை உடைத்துக்கொண்டவன் நான். மதராஸ் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது வலியே மறந்துவிட்டது. கட்டுப் போட்ட டாக்டரை விட்டுவிட்டு அந்த மெஷினைச் செய்தவனைத்தான் மனசுக்குள் கும்பிட்டேன். பி.யு.சி. படிக்கும்போது பிசிக்ஸ் வாத்தியாரிடம், ஆஸ்பத்திரி மெஷின் செய்ய என்ன படிக்க வேண்டும் என்று கேட்டேன். "அதுக்குன்னு ஒரு படிப்பு இங்க எங்கயும் இல்லப்பா. எலக்ட்ரானிக்ஸ் எடு, அப்புறம் மெஷின் கிட்ட போய்ச் சேரு" என்றார்.

இரண்டு இடத்திலிருந்து கடிதம் வந்தது. மதராஸில் எலக்ட்ரானிக்ஸ், கோயம்புத்தூரில் மெக்கானிக்கல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நைனாவுக்கு இருந்தது.

"ரெண்டையும் நேர்ல பாத்துட்டுதான் சொல்லுவேன்" என்று சொம்பை எடுத்துவிட்டார்.

மதராஸ் கல்லூரியில் அட்டெண்டர் ஒருவர் எங்களை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய், கண்ணாடித் திரையில் ஓடும் பச்சைக் கோட்டைக் காட்டினார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நைனா அவரிடம், "ஆஸ்டல் கெணறு எந்தப் பக்கம் கீது?" என்றார்.

இறைத்து ஒரு மடக்குக் குடித்தார். துப்பினார்.

"நைனா, நான் இன்னா தண்ணி குடிக்கவா வரேன்? படிக்க வரேன்."

"அஞ்சு வருசம் குடிக்கணும்டா. இந்தத் தண்ணில நெல்லே தேறாது, நீ எங்கேர்ந்து தேறுவ?"

திரும்பி வரும் ரயிலில் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. படித்தவன் ஒருவன் அந்தப் பெட்டியில் இருந்து எனக்காக நைனாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பேன். பெட்டி முழுக்கப் பால் கேன்கள்.

கோயம்புத்தூருக்கு நானும் தயாராகத்தான் போனேன். கால்சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த ஒரு பிடி உப்பு. அங்கே ஹாஸ்டல் வாசலில் குழாய். நைனாவுக்கு வழியெல்லாம் இடுப்பு வலி. மரத்தடியில் உட்கார்ந்து சொம்பை என்னிடம் நீட்டினார். கடவுளே கொடுத்த வாய்ப்பு. உப்பைக் கொட்டி, விரலால் கலக்கி, பயபக்தியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு மடக்கு. அண்ணாந்து யோசித்தார். இன்னொரு மடக்கு.

"இது கடை உப்பு" என்றார் மெதுவாக. "கடை உப்பு நாக்குல கரிக்கும், அத்தோட பூடும். கெணத்து உப்பு கசந்துகினு தொண்டையில நிக்கும்."

அடிப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சொம்பைக் கழுவி, தானே பிடித்து வயிறு முட்டக் குடித்தார். சிறுவாணித் தண்ணீர். என் எலக்ட்ரானிக்ஸ் அதோடு போயிற்று.

ஐந்து வருடம் நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டு பம்ப் படித்தேன். ஆஸ்பத்திரி மெஷின் வேலைக்கு நான் போட்ட மனுக்களெல்லாம் எலக்ட்ரானிக்ஸ் இல்லை என்று திரும்பி வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் நைனாவை மனதாரத் திட்டினேன். கடைசியில் எழுபதுகளின் முடிவில், மதராஸில் ஓர் ஆஸ்பத்திரி, தண்ணீரை ஓடவிட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிறுநீரக மெஷின் வாங்கி, பம்ப் தெரிந்தவன் ஒருவன் கூட இருக்கட்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டது.

அந்தக் கோடையில் மெஷினில் படுத்தவர்கள் எல்லாரும் வாந்தி எடுத்தார்கள். ஒரு பெண்ணுக்குத் தலை தூக்க முடியவில்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்த மூன்று பேர் இரண்டு நாள் மெஷினைப் பிரித்துப் பிரித்து மாட்டினார்கள். பிரிக்க எனக்கு அனுமதி இல்லை. சும்மா நின்றவன் மெஷினுக்குள் போகும் குழாயைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தேன்.

கசந்துகொண்டு தொண்டையில் நின்றது.

கார்ப்பரேஷன் தண்ணீர் போதாமல், யாரிடமும் சொல்லாமல் பின்பக்கத்துக் கிணற்றைத் தொட்டியோடு இணைத்திருந்தார்கள். அதை நிறுத்தியதும் வாந்தி நின்றது. மூன்றாம் நாள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

ஊருக்குப் போனபோது நைனாவிடம் இதைச் சொன்னேன். அவர் பல்லுக்குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தண்ணியக் குடிச்சிப் பாக்கணும்னு காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா?"

உங்களிடம் கற்றதுதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. பச்சைக் கோடு ஞாபகம் வந்தது. பத்து வருட வயிற்றெரிச்சல், அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்குமா?

"ஆமா நைனா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"பாத்தியா, நல்ல காலேஜா பாத்துதான் சேத்துக்கீறேன்."