உப்பில்லாத மோர்ச்சோறு

திண்டிவனம் பஸ் நிலையத்தில் அவர் டைம் கீப்பர். காக்கிச் சட்டை, காதில் செருகிய பேனா. விழுப்புரம் பஸ்ஸுக்காக தினமும் அவர் அருகில் நின்றும் பெயரைக் கேட்டதில்லை. அவர் மேசைக்கடியில் ஒரு நாய்க்குட்டி கிடக்கும்.

அன்றும் குட்டிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. டிபன் பாக்ஸிலிருந்து குழைந்த மோர்ச்சோற்றை எடுத்து மூடியில் வைத்தார். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அவர் குனிந்து, பாக்ஸில் மிச்சமிருந்ததில் ஒரு வாய் தின்று காட்டினார். அவர் வாயையே பார்த்திருந்த குட்டி, பிறகு கொஞ்சம் நக்கியது. அவர் ஒரு வாய், அது ஒரு வாய். நடுநடுவே பஸ்ஸுக்கு விசில்.

"வடை வாங்கினு வரட்டுங்களா?" என்றேன்.

"வேணாங்க. நான் வட துன்னா இது சோத்தத் தொடாது. மூணு நாளா எனக்கும் உப்பில்லாத இந்தச் சோறுதான். யாரோ கிரீம் பிஸ்கட் போட்டுட்டாங்க. பேஜாராப் பூடுச்சி."

போட்டது நான்தான். "அடப்பாவமே" என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

பஸ் வந்தது. நான் படியில் கால் வைக்கும்போது, குட்டியிடமிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னார்: "இனிமே அந்த பிஸ்கட்ட நீங்களே சாப்ட்டுடுங்க சார்."

தெரிந்துகொண்டே ஏன் 'யாரோ' என்றார் என்று விழுப்புரம் வரை யோசித்துக்கொண்டு போனேன்.