இருபதுக்குப் பதினொன்று

"4 மார்ச் 1957, திங்கள். தூக்கம்: 3. பசி: 5. ஆபீஸ் வாசலைத் தாண்டும் துணிவு: 2." பழுப்பேறிய அரைத்தாளில் இருப்பது என் கையெழுத்துதான். 

அப்போது நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நகல் எழுதும் குமாஸ்தா; பிரெஞ்சில் மட்டுமே எழுதிப் பழகியவன். 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி விலகிய பிறகு கோப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலத்துக்கு மாறின. ஒரு நாள் காலை, வாசலில் நெஞ்சு படபடத்துக் கால் எழும்பாமல் நின்றுவிட்டேன். மறுநாளும் அப்படியே. விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். எப்போது திரும்புவேன் என்று ஏப்ரல் 15-க்குள் டாக்டர் எழுதித் தராவிட்டால் வேலை இல்லை என்று கடிதம் வந்தது.

டாக்டர் மெட்ராஸ் பக்கத்திலிருந்து வந்தவர். வாரம் ஒரு தாள் தருவார்; அதில் ஆறு கேள்விகள். "உங்க நிலைமைய நான் ஊகிக்கக் கூடாது, நீங்களே சொல்லணும். இந்த ஊர்ல இருபதுக்குத்தானே மார்க்? அப்படியே போடுங்க" என்றார். எனக்குப் பழகிய கணக்கில் கேட்டாரே என்று அன்றே நன்றியாக இருந்தது.

ஏப்ரல் 8, ஆறாவது தாள். வாசித்தவரின் முகம் சுருங்கியது.

"ஆறு வாரமாச்சு. எதுவும் பன்னண்டைத் தாண்டல. நான் என்னன்னு எழுதித் தர்றது? மெட்ராஸ் ஆஸ்பத்திரில சேர்த்துடலாமா?"

பக்கத்தில் இருந்த என் மனைவி தாளை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, தூக்கத்துக்குப் பதினொண்ணா? ஐயா, இவரு விடற குறட்டைல நான்தான் தூங்கறதில்ல!"

"பின்னே ஏன் சார் பதினொண்ணு?"

"பதினொண்ணு நல்ல மார்க்குதானே டாக்டர்? எங்க பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல பதினாலு வாங்கினா வீட்ல பாயசம். இருபது யாருக்கும் போட மாட்டாங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு முதல் தாளைத் தேடியெடுத்து ஆறாவதன் பக்கத்தில் வைத்தார். "இனிமே இருபதைப் பார்க்க வேணாம். இந்த மூணைப் பார்ப்போம். மூணு, பதினொண்ணாயிருக்கு." விரல் கீழே இறங்கியது. "வாசலுக்கு ஆறு போட்டிருக்கீங்களே, இதுவும் பாயசக் கணக்கா?"



"இல்ல டாக்டர். அது நிஜமாவே ஆறுதான்."

"அப்ப நமக்கு பாக்கி இருக்கிற வேலை அது ஒண்ணுதான்."

'குணமாகி வருகிறார், இரண்டு வாரம் கூடுதலாகத் தேவை' என்று எழுதித் தந்தார். அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அந்த இரண்டு வாரமும் தினம் காலையில் மனைவியோடு அலுவலகம் வரை நடந்தேன். முதல் நாள் தெருமுனை, பிறகு எதிர்ச்சாரி, பிறகு வாசற்படி. ஏழாவது தாளில் வாசலுக்கு 8, எட்டாவதில் 11. ஏப்ரல் 29, திங்கட்கிழமை, உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஒன்பதாவது தாளை எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அதைத் தானே வைத்துக்கொண்டார்.

மற்ற எட்டையும் என்னிடமே திருப்பித் தந்தார்; தேதி வரிசையில் வைத்திருக்கிறேன். ஒரு தாளைப் பார்த்துத் தன்னையே சந்தேகப்பட்டு, மறுபடி கேட்ட மனிதர் அவர். அதனால்தான் எனக்கு வேலை மிஞ்சியது.

கடைசித் தாளில் வாசலுக்கு 15 போட்டேன் என்பது என் நினைவு. 14 என்கிறாள் மனைவி. அன்று பாயசம் வைத்ததையே சாட்சியாகச் சொல்கிறாள். 1961-இல் மாற்றலாகிப் போன டாக்டருக்குக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. எந்த எண் என்று இதுவரை சரிபார்க்க முடியவில்லை.