குடம் சேரும் காட்சி

என் எடிட்டிங் மேசையில், கீபோர்டுக்குப் பக்கத்தில், ஒரு மண்பானைச் சில்லு கிடக்கிறது. தென்காசியில் என்னிடம் கல்யாண வீடியோ எடிட் செய்ய வருகிறவர்கள் அதைக் குப்பை என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். டைரக்டர் அண்ணனின் தம்பி குதிகாலில் ஏறியிருந்த சில்லு அது. நான்தான் பிடுங்கினேன்.

டைரக்டர் அண்ணன் ஆய்க்குடிக்காரர். பாட்டுகளுக்கு வீடியோ எடுப்பது தொழில். ஆனால் அவற்றில் காதலனும் காதலியும் ஆடமாட்டார்கள். ஐந்தருவித் தண்ணீர் பாறையில் மேலே ஏறும். புளியங்குடி எலுமிச்சைகள் தரையிலிருந்து எழும்பிக் காம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பதற்குக் கனவு மாதிரி இருக்க வேண்டும், ஆனால் எதையும் கம்ப்யூட்டரில் வரையக் கூடாது என்பது அவர் பிடிவாதம். எல்லாரும் பின்பக்கமாக நடந்து நடிப்பார்கள். பிறகு நான் படத்தைக் கடைசியிலிருந்து ஓட்டுவேன். ஒரு பாடகி தன் பாட்டையே தலைகீழாக மனப்பாடம் செய்தாள். அவள் முணுமுணுப்பைக் கேட்ட குற்றாலம் லாட்ஜ்காரர் திருநீற்றோடு வந்துவிட்டார். வெளிநாட்டுக் கலைக்கூடங்களில்கூட அண்ணனின் வீடியோக்களைத் திரையிட்டார்கள். ஊரில் யாராவது மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால், "தண்ணிய மேல ஏத்துதான்" என்பாள் அவர் அம்மா.

அவருடைய கடைசி வேலை குடம் வீடியோ. சுடுகாட்டில் கொள்ளி வைக்கிறவன் தோளில் சுமந்து வந்து உடைக்கும் குடம், சில்லு சில்லாக எழும்பி அவன் தோளில் மறுபடி சேர வேண்டும். தம்பிதான் நடித்தான். சிதையைப் பார்த்தபடி குடத்தை நழுவவிட்டு, முகத்தைத் திருப்பாமல் அப்படியே பின்பக்கமாக நடக்க வேண்டும். வயல் வரப்பில் நாள்கணக்காக அவனைப் பழக்கினார். அம்மா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே, நான் உசுரோட இருக்கும்போதே குடம் ஒடச்சிப் பாக்கியளா?" அன்று அண்ணன் சிரித்தார். எத்தனை பானைகள் உடைந்தன என்று யாரும் எண்ணவில்லை.

வீடியோ வந்ததும் பார்த்தவர்கள், "சூப்பர் ஏஐ" என்று எழுதினார்கள். படம் எடுத்த விதத்தை அண்ணன் தனி வீடியோவாகப் போட்டார். அதையும் ஏஐ என்றார்கள். தம்பியின் குதிகால் ரத்தத்தைக் காட்டினோம். அது ரொம்பத் தத்ரூபம் என்றார்கள். வழக்கமாக வேலை கொடுக்கும் இசை நிறுவனம், இனிமேல் இதெல்லாம் நாங்களே உட்கார்ந்த இடத்தில் செய்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. "இத்தன வருசம் உண்மையா செஞ்சது எல்லாம் பொய்யாப் போச்சு தம்பி" என்றார் அண்ணன் என்னிடம். அதற்குப் பிறகு அவர் கேமராவை எடுக்கவில்லை. சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. ஒரு சாரல் காலத்துக் காலையில் மாரடைப்பு.

பாடை எடுக்கும்போது அம்மா வாசலை மறித்துக்கொண்டாள். "ஒடஞ்ச குடத்த ஒட்ட வச்சுக் காட்டுனியே. எந்திச்சு வாலே." என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சுடுகாட்டில் தம்பி குடத்தைச் சுமந்து சுற்றி வந்தான். உடைத்தான், கொள்ளி வைத்தான். அதற்குப்பின் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்பது முறை. அவனோ சிதையைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தான். "ஏலே, அங்கன பாக்காத. திரும்பி நட" என்று பெரியவர்கள் அதட்டினார்கள். ஒரு மாமா அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். அவன் திமிறிக்கொண்டு மறுபடி அப்படியே நடந்தான். பழக்கத்தில் செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. கடைசியிலிருந்து ஓட்டிப் பார்த்தால் அவன் அண்ணனிடம் போய்க்கொண்டிருந்தான். அங்கே எதையும் திருப்பி ஓட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

இப்போதும் வேலை இல்லாத மதியங்களில் அந்த வீடியோவைப் போட்டுப் பார்ப்பேன். சில்லுகள் எழும்புகின்றன, குடம் ஓட்டையில்லாமல் முழுசாகிறது. இந்தச் சில்லு மட்டும் என் கையில் இருக்கிறது.