தங்கையை அக்கரையில் விட்ட நாள்

என் தங்கை திரும்பி வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் நிம்மதி போனது. இப்படிச் சொன்னால் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். சொல்லட்டும்.

பதினோரு வருடம் காணாமல் போயிருந்தவளை நைனாதான் பொன்னேரிச் சந்தையில் பார்த்தார். குதிரைக்காரர்களின் கூடாரத்துப் பெண்களோடு உட்கார்ந்து தயிர் விற்றுக்கொண்டிருந்தாளாம். கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். வந்தவளுக்கு உட்காரத் தெரியவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டாள். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தாள், பார்க்கிற எனக்குக் கால் வலித்தது.

அப்போது பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்து வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். உள்நாட்டில் யார் ஆட்சி என்று யாருக்கும் தெரியாது. குதிரைக்காரர்கள் கரையோர ஊர்களில் புகுந்து ஆட்களைப் பிடித்துப் போவார்கள். பெரியவர்களைக் கப்பலுக்கு விற்றுவிட்டுச் சிறுபிள்ளைகளைக் கூடார வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். தங்கையைப் பிடித்தபோது அவளுக்கு எட்டு வயது.

நாங்கள் ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள். இடுப்பளவு தண்ணீரில் குந்தி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். பிடித்ததைப் போட ஓலைப் பறி உண்டு, அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். வாய் திறந்தால் பறி கவிழ்ந்து எல்லாம் தண்ணீரோடு போகும். அதனால் தண்ணீரில் யாரும் பேசுவதில்லை. அன்று கரைக்கு அப்பால் எழுந்த புழுதியை முதலில் பார்த்தவள் நான். தங்கை கரையில் நண்டுவளை தோண்டிக்கொண்டிருந்தாள். என் பறி நிறைந்திருந்தது. மாட்டுமந்தை என்று நினைத்தேனா, இறால் போய்விடுமே என்று பார்த்தேனா, எனக்கே தெரியாது. நான் கயிற்றை விட்டுக் கத்தியபோது அவள் குதிரைமேல் இருந்தாள்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் எங்களோடு தங்கிவிட்டால் என் குற்றம் கழிந்துவிடும் என்று நம்பினேன். அதனால் நானும் அவளுக்குக் காவல் இருந்தேன். அம்மா இன்னும் மோசம். தன் புடவைத் தலைப்பை அவள் புடவையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் மதியத்தில் கண்ணயர்வாள்.

ஆறாம் நாள் மதியம் அம்மா தூங்கிக்கொண்டிருக்க, தங்கை என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, என்னை அக்கரைல வுட்டுடு."

"இன்னாடி பேசற? உன்னைத் தூக்கினு போனவங்ககிட்டயா?"

"என் கொயந்தை அங்க கீது. இன்னும் பால்குடி மறக்கல."

அவள் மார்புத் துணி நனைந்திருந்தது. ஆறு நாளாக ஒரே வீட்டில் இருந்தும் அது என் கண்ணில் படவில்லை. எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. பிடித்து வருவதும் கட்டிப்போடுவதும் குதிரைக்காரர்கள் செய்தால் கொடுமை, நாங்கள் செய்தால் பாசமா? அம்மாவின் முடிச்சை மெதுவாக அவிழ்த்தேன்.

தோணியைக் கோலூன்றித் தள்ளினேன். பாதி ஏரியில் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அன்னிக்குப் புழுதியை நான் முன்னாடியே பார்த்தேன்டி. கத்தல."

அவள் கண் அக்கரையிலேயே இருந்தது. "சீக்கிரம் தள்ளுக்கா" என்றாள்.

தோணி தரை தட்டுவதற்குள் தண்ணீரில் குதித்து ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. வீடு வரை என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

அம்மா விழித்து உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் அக்கரைல கொண்டுபோய் வுட்டேன்" என்றேன். குழந்தையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடிப்பாள் என்று நின்றேன். அவள் வெறும் தலைப்பை மடியில் நீவிக்கொண்டிருந்தாள்.

"கொயந்தை பொண்ணா, பையனா?" என்று கேட்டாள்.

அதை நான் தங்கையிடம் கேட்கவே இல்லை.