கராஜில் ஈயம் உருக்கிய அத்தான்

அக்காவின் தொலைபேசி வந்தபோது, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு ஜெர்மன் கிழவிக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். "அத்தான் மோசம் போயிட்டாரடி, கராஜுக்குள்ள விழுந்து கிடந்தார்" என்றாள் அக்கா. ஒருவர் இறந்தார் என்றால் எப்படி, எப்போது என்றுதான் எவரும் கேட்பார்கள். அடுப்பை அணைத்தாயிற்றா என்பதுதான் என் வாயில் வந்தது: "அடுப்பு நூத்தாச்சோ?" "நூத்துப்போட்டுத்தான் விழுந்தவர்" என்றாள் அக்கா. கிழவியின் மற்றக் காலுக்கும் காலுறையை மாட்டிவிட்டுத்தான் நான் புறப்பட்டேன்.

முழுப்பெயர் சவிரிமுத்து. இங்கே ஜெர்மனியில், ஹம் நகரில், சவிரியண்ணை என்றால்தான் தெரியும். எனக்கு அக்கா பிலோமினாவின் கணவர், அதனால் அத்தான். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரில் நான் எழுத வேண்டும் என்று அக்கா கேட்டபோது முடியாது என்றேன். தேவாலயப் பங்குச் சபையிலும் விளையாட்டுக் கழகத்திலும் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர்கள் நிறையப் பேர், அவர்களிடம் கேள் என்றேன். "நல்லது எழுத ஆக்கள் இருக்கினம். நீ நடந்ததை எழுது" என்றாள். ஆகவே, இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, மாலையும் மெழுகுதிரியும் என் பக்கத்தில் இல்லை. அவை வேண்டியவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

முதலில் அவருக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். வந்த புதிதில் நம்மில் பாதிப் பேருக்கு வாயாக இருந்தவர் அவர். வைத்தியரிடமோ, வதிவிட அலுவலகத்திலோ, பள்ளிக்கூடத்திலோ, யாரை எங்கே எத்தனை மணிக்கு வரச்சொல்லி ரெர்மின் கொடுத்தாலும் எண்ணெய்க் கறுப்பு ஏறிய கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருவார். எனக்கு முதல் பிரசவ வலி எடுத்தபோது என் கணவர் பயத்தில் மயங்கி ஆஸ்பத்திரி நடைபாதையில் இருந்த நீள வாங்கில் கிடந்தார். தாதி சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் திரைக்கு வெளியே நின்று எனக்குத் தமிழில் சொன்னவர் அத்தான்தான். "மொழிபெயர்க்கிறவன் ஒண்டையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது மச்சாள்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. இந்த வாக்கியத்தை மறக்காமல் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

அவர் வேலை செய்தது கார்களுக்கு ரயர் மாற்றும் ஒரு கடையில். சக்கரம் உதறாமல் ஓடுவதற்காக விளிம்பில் பொருத்தும் ஈயத் துண்டுகளைக் கழற்றி வாளியில் போடுவார்கள். ஈயத்தைத் தடை செய்யும் காலம் வருமுன்பே அவர் அதை வாளி வாளியாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். இங்குள்ள ஜெர்மன்காரரின் துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து, பரீட்சை எழுதி, அனுமதி அட்டையும் எடுத்தார். அட்டையைப் பணப்பையில் திருச்சுரூபப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சனிக்கிழமை ஆனால் கார் விடும் கராஜுக்குள் போய்விடுவார். இரும்புச் சட்டியில் ஈயம் உருகும். மேலே படியும் சாம்பலைக் கரண்டியால் வழித்து எறிவார். பாக்குவெட்டி மாதிரி இரண்டு பிடி உள்ள அச்சில் ஊற்றி, பிறகு திறந்து பழைய துவாய் ஒன்றில் தட்டுவார், துப்பாக்கிக் குண்டுக்கான சன்னம் விழும். "ஈயம் பொய் சொல்லாது மச்சாள். சூடு காணாட்டி முகத்தில சுருக்கம் காட்டிப்போடும்" என்று ஒன்றை எடுத்து, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அக்காவின் முகத்தை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

ஒற்றை ஒற்றையாகக் குறி பார்த்துச் சுடுகிறவராக இருந்திருந்தால் ஏதோ விளையாட்டென்று விட்டிருப்பேன். அவருக்கு வேண்டியது அதுவல்ல. விரலை அழுத்திப் பிடித்தால் நிற்காமல் பொழிய வேண்டும். ஜெர்மனியில் அந்த மாதிரித் துப்பாக்கி சாதாரண ஆட்களுக்குக் கிடையாது. அதனால் வருடத்துக்கு ஒரு தடவை, எல்லைக்கு அப்பால், பழைய இயந்திரத் துப்பாக்கிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சங்கத்துக்குப் போவார். அங்கே அதற்கெல்லாம் அனுமதி இருந்தது. சனிக்கிழமைகள் முழுவதும் அந்தத் துப்பாக்கிக்குத் தீனி தேடத்தான் போயின. மாதக்கணக்காக வார்த்த சன்னம், ஓர் 'அருள்நிறை மரியே' செபம் சொல்லி முடிக்கும் முன் மண்மேட்டுக்குள் போய்விடும். திரும்பி வந்த கிழமையே மறுபடி சட்டியை அடுப்பில் வைப்பார்.

ஒரு பிள்ளையின் முதல்நன்மைச் சடங்கு விருந்தில், அவர் அங்கே சுட்ட காட்சியைத் தொலைபேசியில் போட்டுச் சத்தத்தையும் கூட்டிக் காட்டினார். மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். மன்னாரில் நடந்த சண்டையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த யோகம் அண்ணை கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார், திரும்பி வரவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே கடல் கடந்து ஓடி வந்தோம், வெட்கமில்லையா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அங்க அது எப்ப தொடங்கும், எப்ப நிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும் மச்சாள்? இஞ்ச அது என்ர விரலில கிடக்கு. நான் நில் எண்டா நிக்கும்" என்றார். அவர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கிவிட்டால் மன்னித்தும் விட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அடுத்த நாள் யோகம் அண்ணையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டது நானும் அக்காவும்தான்.

நம் வீடுகளில் கராஜ் எதற்கென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் மீன் பொரித்தால் மேல்வீட்டுக்காரி சன்னலை அடித்துச் சாத்துவாள். மிளகாய் வறுத்தால் தீயணைப்பு வண்டி வரும். அதனால் பொரிப்பதும் வறுப்பதும் கராஜில். வெள்ளிக்கிழமைகளில் அக்கா மிளகாயும் மல்லியும் வறுத்து, மேசையில் பேப்பர் விரித்து ஆறப்போடுவாள். சனிக்கிழமை அதே மேசையில் அத்தான் துவாயை விரிப்பார். ஒரே காஸ் அடுப்பு, ஒரே மேசை, கூட்டுவதற்கு ஒரே தும்புத்தடி. அவர் வழித்து எறிந்த சாம்பல் தூசியாய் எழும்பி எங்கே போய்ப் படிந்தது என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அக்காவின் கறித்தூள் போத்தல் போத்தலாக என் வீட்டுக்கும் என் மகள் அனிதாவின் வீட்டுக்கும் வந்தது. அதுவரை நடந்தது அறியாப் பிழை. அதற்காக நான் இந்தப் பேனையைத் தூக்கியிருக்கமாட்டேன்.

பிறகு அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. களைப்பு வந்தது. தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் கை நடுங்கியது. வயசு என்றார்கள், மனக்கவலை என்றார்கள். ஒரு வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து ஈயம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அக்காவுக்கு ஜெர்மன் மொழி அவ்வளவு வராது. அன்றைக்கு மொழிபெயர்க்கப் போனவர் அத்தான். வைத்தியர் கேட்டார்: வீட்டில் யாராவது ஈயத்தோடு வேலை செய்கிறார்களா? அத்தான் அந்தக் கேள்வியை அக்காவுக்குச் சொல்லவே இல்லை. தானே 'நைன்' என்று பதில் சொன்னார். இல்லையாம். அப்படியானால் பழைய தண்ணீர்க் குழாயாக இருக்கலாம் என்றார் வைத்தியர். வீட்டுக்கு வந்த அத்தான், குசினிக் குழாயில் ஒரு வடிகட்டியை வாங்கிப் பூட்டினார்.

அதற்குப் பிறகு பதினொரு மாதம் அக்கா அதே மேசையில் தூள் ஆறப்போட்டாள். அந்தப் பதினொரு மாதத்தில்தான் அனிதாவின் மகள் மரியா சோறு தின்னத் தொடங்கினாள். சோற்றோடு பருப்பைக் குழைத்து, வாசத்துக்கு அக்காவின் தூளில் ஒரு சிட்டிகை போட்டு, வாயில் ஊட்டியது நான். இந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பனிக்காலம் வருமுன் ரயர் மாற்றும் நெரிசலில் அத்தானுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு அக்காவோடு நான் போனேன். இரத்தத்தில் ஈயம் இன்னும் கூடியிருந்தது. வைத்தியர் அதே கேள்வியைக் கேட்டார். ஓம், என் அத்தான் கராஜில் ஈயம் உருக்கிச் சன்னம் வார்க்கிறார் என்றேன். வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார். போன தடவை உங்கள் அத்தான் இல்லை என்றாரே என்றார். என்ன சொல்லுகிறார் என்று அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல், அப்படியே தமிழில் சொன்னேன்.

நேரே கராஜுக்குப் போய் அவர் வரும்வரை நின்றேன். கேள்வி விளங்கவில்லையா என்று கேட்டேன். விளங்கியது என்றார். பிறகு ஏன் இல்லை என்று சொன்னார் என்று கேட்டேன். அவர் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளைச் சட்டைக்காரன் பேனையோட கேட்டா எனக்கு இல்லை எண்டுதான் வாயில வரும் மச்சாள். அகதிக் கேள்வி கேட்ட நாளில இருந்து அப்பிடித்தான். ஓம் எண்டா அட்டையைப் பறிச்சுப்போடுவாங்கள் எண்டு நினைச்சன்."

ஒருவரும் பறித்திருக்கமாட்டார்கள். வீட்டில் ஈயம் உருக்குவது இந்த நாட்டில் குற்றமில்லை. வைத்தியர் அவருடைய அட்டையைப் பற்றிக் கேட்கவும் இல்லை. நாமெல்லோரும் அந்தக் கேள்வி அறைகளுக்குள்ளால் வந்தவர்கள்தான். இன்றைக்கும் யாராவது எதிரில் இருந்து எழுதத் தொடங்கினால் எனக்கும் நாக்கில் முதலில் நிற்பது இல்லை என்ற சொல்தான். ஆனால் அந்தச் சாட்டு முதல் நாளுக்கு மட்டும்தான் செல்லும். வீட்டுக்கு வந்து, சட்டியைப் பார்த்து, அக்காவின் கையைப் பார்த்து, மறுநாள் ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். அதற்கு மறுநாள் எடுத்திருக்கலாம். பதினொரு மாதத்தில் எத்தனை மறுநாள்! வாயில் வந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். அவற்றை இந்த மலரில் அச்சடிக்க ஏலாது.

மரியாவுக்கும் இரத்தம் எடுத்தார்கள். அந்தச் சின்னக் கையில் நரம்பு அகப்படாமல் இரண்டு இடத்தில் குத்தினார்கள். அவளுக்கும் ஈயம் இருந்தது. அது மெல்ல இறங்கும் என்றார்கள். பேச்சு பிந்தலாம், பிந்தாமலும் விடலாம், பார்த்துக்கொண்டிருங்கள் என்றார்கள். இப்போது அவளுக்கு மூன்று வயது. பேசுகிறாள். அவள் புதிதாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அனிதா ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறாள். மற்றத் தாய்மார் பிள்ளையின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். என் மகள் பேனையைத் தேடுவாள்.

அத்தான் என்ன செய்தார் தெரியுமா? அக்காவுக்குப் புதிய மின்னடுப்பு ஒன்று வாங்கி பல்கனியில் வைத்தார். கராஜைக் கழுவினார். அக்காவை அங்கே வர வேண்டாம் என்றார். ஈயம் இருந்த இடத்தில் இருக்க, மனுசியை இடம் மாற்றினார். எங்கள் வாசலுக்கு இரண்டு தடவை வந்தார். நான் கதவு திறக்கவில்லை. மூன்றாம் தடவை வருவதாக அக்காவிடம் சொல்லியிருந்தாராம். வரவில்லை. அன்று சனிக்கிழமை; அக்காவின் தொலைபேசிதான் வந்தது.

அடக்கம் முடிந்த அடுத்த கிழமை சுடும் சங்கத்தைச் சேர்ந்த இரண்டு ஜெர்மன்காரர் வந்து, துப்பாக்கியையும் மற்றச் சாமான்களையும் சட்டப்படி பொறுப்பெடுத்தார்கள். மிகவும் மரியாதையான மனிதர்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். அவர் கடைசியாக வார்த்த சன்னங்களை, எல்லைக்கு அப்பால் உள்ள நண்பர்கள் அவர் நினைவாகச் சுட்டுத் தீர்க்க விரும்புகிறார்கள், நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று அக்காவை அழைத்தார்கள். நான் மொழிபெயர்த்தேன். "தீர்க்கட்டும். எனக்கு வர ஏலாது, ரெர்மின் கிடக்கு" என்றாள் அக்கா.

அந்த ரெர்மினுக்கு நான்தான் கூடப் போனேன். வழமையான வைத்தியர் விடுமுறையில் இருந்தார். புதிதாக வந்திருந்த இளம் பெண் வைத்தியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார். வீட்டில் யாராவது ஈயத்தோடு வேலை செய்கிறார்களா? நான் வாய் திறந்தேன். அக்கா நடுங்கும் கையை என் முழங்காலில் வைத்து அமர்த்தினாள்.

"யா" என்றாள். "மைன் மன்."

ஓம், என்ர மனுசன். இத்தனை வருடத்தில் ஒரு வைத்தியருக்கு அவள் தன் வாயால் சொன்ன முதல் பதில் அது. வைத்தியர் எழுதிக்கொண்டார். அத்தான் இறந்து மூன்று கிழமை என்று சேர்த்துச் சொல்லப் போனேன். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் அழவில்லை. நான்தான் அந்த வெள்ளை அறைக்குள் இருந்து, செத்த மனிதரை நினைத்து அன்றைக்குத்தான் முதல் முறை அழுதேன். பாசத்தில் அழுதேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 'யா' என்ற அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு குறைந்த மூச்சுப் போதும் என்று பார்த்த ஆத்திரத்தில் அழுதேன்.

போனவரிடமிருந்து எதை வைத்திருக்கிறேன் என்று நான் சொல்ல வேண்டும். சட்டியும் அச்சும் மேசையும் நச்சுக் கழிவு எடுக்கும் இடத்துக்குப் போய்விட்டன. நானே கையுறை போட்டு ஏற்றினேன். நான் வைத்திருப்பது அவருடைய அந்த ஒரு வாக்கியம்தான். ஒன்றையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவர் கைவிட்ட இடத்திலிருந்து அதை எடுத்து, அதன்படி இதை எழுதினேன். முடித்ததும் அக்காவிடம் கொடுத்தேன். தாள் ஆடாமல் இருக்க அதை மேசையில் வைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தாள். ஒரு சொல்லையும் வெட்டச் சொல்லவில்லை. மறுபடி முதல் பக்கத்துக்குப் போய், அவர் பக்கம் நின்று தான் சொன்ன ஒரே வரி, அடுப்பை நூத்துப்போட்டுத்தான் விழுந்தவர் என்பது, இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். இருந்தது.