வாஷ்பேசின் கேட்ட தண்ணி

பாத்ரூம் வாஷ்பேசின் சத்தம் போட ஆரம்பிச்சது அப்பாவுக்குக் கருமாதி முடிஞ்ச மறுநாள். தண்ணி விட்டா, உள்ள இறங்கும்போது 'களக்... களக்'னு ஒரு சத்தம். கக்கூஸ்ல ஒரு வாளி ஊத்தினாக்கூட வாஷ்பேசின் தன்னால களக்குங்கும். வேற வீடா இருந்தா சனியன்னு விட்டுத் தொலைச்சிருக்கலாம். எங்க வீட்டுல முடியல. கடைசி வாரம் அப்பா தொண்டையில கெடந்த சத்தம் அச்சு அசலா இதேதான்.

அப்பாவுக்கு அப்போ விழுங்க முடியாமப் போயிருந்துச்சு. வாயில தண்ணி குடுத்தா நெஞ்சுக்குள்ள போயிரும், ஒரு மடக்குகூடக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாவ. மூக்குல போட்ட குழாய் வழியாத்தான் எல்லாம். அப்பா செம்பைக் கைகாட்டிக் காட்டிக் கேப்பாவ. அம்மா பஞ்சை நனைச்சு உதட்டுல வைப்பா, அதோட சரி. அப்படியே போய்ச் சேந்துட்டாவ.

"ஏட்டி, உங்கப்பா தண்ணி கேக்குதாவ."

அம்மா இப்படிச் சொன்னப்போ முதல்ல நானும் சேந்து அழுதேன். அப்புறம் அவ செம்பு செம்பா மோந்து வாஷ்பேசின்ல ஊத்த ஆரம்பிச்சா. ஊத்த ஊத்த அது களக் களக்னுச்சு. "பாத்தியா, இன்னும் தாகம் அடங்கல"ன்னு மறுபடியும் ஊத்துவா. குழாய்ல எப்ப தண்ணி வரும்னு தெருவே காத்துக் கெடக்குற ஊரு எங்க கோவில்பட்டி. டிரம்முல பிடிச்சு வச்சது பூரா அந்த ஓட்டையிலேயே போச்சு. தண்ணி போனாப் போகுது, அம்மா குடிக்கிறதையே நிறுத்திட்டா.

"அவிய தாகத்தோட கெடக்கும்போது எனக்குத் தொண்டையில எறங்குமாட்டி?"

சித்திரை வெயிலு மண்டையப் பொளக்குது. அவ உதடு வெடிச்சு ரத்தம் எட்டிப் பாக்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் பாட்டில் ஏத்திக் கூட்டிட்டு வந்தோம். இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி தாங்காதுன்னுட்டாவ. வீட்டுக்கு வந்ததும் அவ நேராப் பாத்ரூமுக்குத்தான் போனா.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்ல. வாஷ்பேசினுக்கு அடியில குப்பி மாதிரி ஒண்ணு இருக்கும்லா, அதைக் கழத்தினேன். முடியும் சோப்புப் பிசுக்குமா ஒரு கை வந்துச்சு. கழுவி மாட்டினேன். களக். புதுசே வாங்கி மாட்டினேன். களக். எங்க வீட்டுக்காரர் கம்பிய விட்டுக் குத்திப் பாத்தாவ, கடையில குடுத்த பொடியக் கொட்டினாவ, வெந்நிய ஊத்தினாவ. ம்ஹூம், ஒண்ணும் அசையல. கடைசியா வந்த பிளம்பர், "இது கரிசமண்ணு அக்கா, கோடையில வெடிச்சா வீட்டையே இழுக்கும். பைப்பு வாட்டம் மாறி, தண்ணி ஓடுற சரிவு போயிருக்கும். தரைய உடைச்சாத்தான் தெரியும்"னாரு.

பைப்பு போறது அப்பா படுத்துக் கெடந்த ரூமுக்கு அடியில. "அங்கன கடப்பாறை வைக்கணும்னா என் பொணத்துமேல வைங்க"ன்னு அம்மா வாசல்ல குறுக்க உக்காந்துட்டா.

"ஏம்மா, அது பைப்பும்மா, பைப்பு! அப்பா இல்லம்மா!" தெருவுக்கே கேக்குற மாதிரி கத்திட்டேன்.

"உனக்கு என்னட்டி தெரியும்? கேட்ட மனுசனுக்குக் குடுக்காதவ நான்லா" அப்படின்னா.

அம்மாவையும் வாரிக் குடுக்கப் போறேன்னுதான் அன்னைக்கு நெனச்சேன்.

மறுநாள் அவளால எந்திரிக்க முடியல. "மாடிக்கு ஏற ஏலாது. காக்காய்க்கு நீ சோறு வச்சிட்டு வா"ன்னா. கருமாதியிலேருந்து ஒருநாள் விடாம அவதான் வச்சுக்கிட்டு இருந்தா. கக்கூஸ் பைப்பு மேல மொட்டைமாடி வரைக்கும் நீட்டிக்கிட்டு நிக்கும்லா, அதோட தலையிலதான் கருமாதியன்னைக்கு முதல் காக்கா வந்து உக்காந்துச்சாம். அதனால அங்கனயே வைக்கணும்னு சொல்லி அனுப்பினா.

போய்ப் பாத்தா, பைப்பு வாயில ஒரு டைல்ஸ் துண்டப் போட்டு மூடி, அதுமேல சோறு வச்சிருக்கா. சிந்தின பருக்கையும் பருப்பும் இடுக்குல காஞ்சு, சிமெண்ட் பூசின மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு. கழுவுவோம்னு கரண்டிய விட்டு நெம்பினேன். டைல்ஸு கையோட வந்துச்சு. கொஞ்ச நேரத்துல கீழேருந்து எங்க வீட்டுக்காரர் சத்தம்:

"ஏய், என்ன செஞ்ச? கக்கூஸ்ல வாளி வாளியா ஊத்துதேன், வாஷ்பேசின் சத்தத்தையே காணோம்!"

அட கடவுளே! காத்துப் போக வேண்டிய பைப்பு அது. அதோட வாய மூடிட்டா, காத்துக்கு வாஷ்பேசினத் தவிர வேற வழி ஏது? அப்பா பசிக்குன்னு அம்மா வச்ச சோறுதான் அப்பா தொண்டை மாதிரி கத்தியிருக்கு. அந்த வெயில்ல டைல்ஸ மடியில வச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன். சோத்தக் கைப்பிடிச் சுவர்ல வச்சேன். ஒரு காக்கா வந்து கொத்துச்சு.

கீழ வந்து அம்மாவக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போய் வாஷ்பேசின் முன்னால நிறுத்தினேன். செம்பைச் சரிச்சு ஊத்தினா. சத்தமில்லாம எறங்குச்சு. குனிஞ்சு காது குடுத்தா. இன்னும் கொஞ்சம் ஊத்தினா.

"காக்கா எடுத்துச்சா?"

"எடுத்துச்சும்மா. இன்னைக்குக் கைப்பிடிச் சுவர்லதான் வந்து உக்காந்துச்சு. இனிமே அங்கனயே வைப்போம்."

டைல்ஸ் கதைய நான் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

"தாகம் அடங்கிட்டு போல"ன்னா. செம்புல பாதி மிச்சம் இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் அண்ணாந்து வாயில ஊத்திக்கிட்டா. கழுத்தெல்லாம் வழிய, அவ தொண்டையில களக் களக்னு எறங்குச்சு.