பூஜையில் மாட்டிக்கொண்ட கத்தி

ஆயுத பூஜை என்றால் எல்லோருக்கும் பொரியும் சுண்டலும் நினைவுக்கு வரும். எனக்குக் கோபம்தான் வரும். வயது இத்தனை ஆகியும் அது அடங்கின பாடில்லை. காரணம் என் அப்பா.

எங்கள் வீட்டில் அப்பாவின் அக்கா இருந்தாள். படவேட்டுப் பக்கம் வாக்கப்பட்டுப் போய், அந்த மனுஷனோடு ஒத்துவராமல் ஆரணிக்கே திரும்பி வந்துவிட்டவள். நகை நட்டு எதையும் அத்தை கொண்டுவரவில்லை. ஒரு பசுமாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள், இடுப்பில் ஒரு கத்தியைச் செருகிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான். இரண்டையும் வைத்தே பிழைத்துக் காட்டினாள். பால் டீக்கடைக்குப் போனது. கத்தி தெருத்தெருவாகப் போனது.

அது மாட்டுக் குளம்பு சீவுகிற கத்தி. கடையில் கிடைக்காது. பழைய லாரி வில்பட்டை இரும்பைக் கொல்லரிடம் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து அடித்து வாங்கியது. ஒரு சாண் நீளம் இருக்கும். நுனி மட்டும், யாரையோ கூப்பிடுகிற விரல் மாதிரி உள்பக்கம் மடங்கியிருக்கும். வளர்ந்துபோன குளம்பை அதனால் சீவி, உள்ளே குத்தியிருக்கும் கல்லையும் முள்ளையும் சதையில் படாமல் தோண்டி எடுத்துவிடலாம். கைப்பிடி வழுக்காமல் இருக்க, அப்பா நெய்கிற தறியில் மிஞ்சிய பட்டு நூலைச் சுற்றி வைத்திருந்தாள். பட்டு நூல் சுற்றிய மாட்டுக் கத்தி ஊரில் வேறு யாரிடமும் இல்லை என்று அவளுக்கு ஒரு பெருமை.

அந்த வருடம் நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜை அன்று காலையில் மாடு பின்னங்காலை ஊன்றாமல் நின்றது. அத்தை குளம்பைத் தட்டிப் பார்த்தாள். ஒரு இடத்தில் கை பட்டதும் மாடு துள்ளியது.

“உள்ள ஏதோ ஏறிகினு சீழ் வெச்சிருக்குது” என்றாள். “மேல ஏற வுட்டா படுத்துடும். படுத்துட்டா அவ்ளோதான், எழுந்திருக்காது.”

கத்தியைத் தீட்ட உட்கார்ந்தவளிடம் அப்பா வந்து நின்றார். பூஜை என்றால் அவருக்கு ஒரு ஆயுதமும் விட்டுப்போகக் கூடாது. தறியில் குறுக்கே ஓடுகிற நாடா, கத்திரிக்கோல், அரிவாள்மனை, என் காம்பஸ் பெட்டி வரை எல்லாம் பூஜைப் பலகை ஏறியாக வேண்டும்.

“அக்கா, நல்ல நேரம் போயிகினு இருக்குது. ஜல்தியா கழுவிக் குடு.”

“மாட்டுக்கு வோணும்டா. பூஜை ஆன கையோட குடுத்துடுவியா?”

“குடுக்கறேன், குடுக்கறேன்.”

கொடுத்திருந்தால் இதை எழுத எனக்கு என்ன வேலை?

கற்பூரம் காட்டி முடிந்ததும் அத்தை கையை நீட்டினாள். அப்பா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “வெச்சத எடுக்கக் கூடாது. நாளைக்கி மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும்” என்றார்.

“குடுக்கறேன்னு சொன்னியேடா?”

“சொன்னேன். அதுக்குன்னு சாமி குத்தம் ஆவட்டுமா?”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். மாட்டு ஆஸ்பத்திரி அன்றைக்குப் பூட்டு. அத்தை கொட்டகைக்குப் போய் மாட்டின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவைவிட அவள்மேல்தான் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவள் கத்தி, அவள் மாடு. எடுக்க வேண்டியதுதானே! எதற்கு இந்த அடக்கம்? மாடு உடம்பெல்லாம் நடுங்கியது. பெருமூச்சு விட்டு விட்டு ஒரு பக்கமாகச் சரியப் பார்த்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, படுக்காதே படுக்காதே என்று அழுதேன்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. முதலாளியின் கடையிலிருந்து கணக்குப்பிள்ளை வந்திருந்தார். எங்கள் தறியும் பட்டும் ஜரிகையும் முதலாளியுடையது, அப்பாவின் கையும் காலும் மட்டும்தான் எங்களுடையது.

“மெட்ராஸ் பார்ட்டி வந்து உக்காந்துகினு இருக்காங்க. முடிஞ்சி கெடக்குதே அந்த அரக்குப் பொடவ, அத அறுத்துக் குடு. மொதலாளி கையோட வாங்கியாரச் சொன்னாரு.”

“இன்னிக்கி பூஜைங்களே...” என்று இழுத்தார் அப்பா.

“மொதலாளிகிட்ட போயி அப்பிடியே சொல்லட்டுமா?”

அவ்வளவுதான். அப்பா பலகை முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கத்திரிக்கோலை எடுத்தார். சந்தனப் பொட்டை வேட்டியில் துடைத்தார். தறிக் குழியில் இறங்கிப் புடவையை அறுத்து, மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார். “அவசரம்னா சாமி கோச்சிக்காதுங்க” என்று ஒரு சிரிப்பு வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டகைக்கு ஓடினேன். “அத்தே! அப்பா கத்திரிக்கோல எடுத்துட்டாரு! மொதலாளி கேட்டாருன்னு எடுத்துட்டாரு!” என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அப்பா பின்னாலேயே வந்து, “பொட்டப் புள்ளைக்கி வாயப் பாரு” என்று முதுகில் ஒன்று வைத்தார்.

அத்தை எழுந்தாள். கை கால் கழுவிக்கொண்டு நேராக உள்ளே போய், பலகையிலிருந்து கத்தியை எடுத்தாள்.

“அக்கா, வையி அத!”

“உன் மொதலாளிக்கி நீ எடுத்த இல்ல? என் மாட்டுக்கு நான் எடுக்கறேன்” என்றாள். கணக்குப்பிள்ளை புடவையும் கையுமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

அம்மாவும் நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். அத்தை குளம்பைத் தொடைமேல் ஏந்தி, மடங்கின நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினாள். கறுப்பாகச் சீழ் பீய்ச்சி அடித்தது. அதன் பின்னாலேயே ஒரு துருப்பிடித்த ஆணி வந்தது. சாயங்காலம் மாடு காலை ஊன்றிவிட்டது.

அத்தை அந்த ஆணியைக் கொண்டுபோய் அப்பா எதிரில் வைத்தாள். “என் மாட்டுப் பாலு இனிமே உனுக்குக் கெடையாது” என்றாள். சொன்னபடியே செய்தாள். எங்களுக்கெல்லாம் பால் காப்பி, அப்பாவுக்கு மட்டும் வரக்காப்பி. வருடம் முழுக்க அவர் அதை முகம் சுளிக்காமல் குடித்தார். நன்றாக வேண்டும் என்று நான் எதிரிலேயே உட்கார்ந்து உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அப்பா கத்தியைக் கேட்கவில்லை. அத்தையும் தரவில்லை. பலகையில் நாடாவுக்கும் கத்திரிக்கோலுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் வெறுமனே கிடந்தது. அந்த வெறும் பலகைக்கு அப்பா சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ஒரு சாமந்திப் பூவும் போட்டிருந்தார்.

“ஒண்ணுமே இல்லாத எடத்துக்குப் பொட்டு வெச்சிகினு இருக்கீங்களேப்பா” என்று நான் சிரித்தேன். அவர் கற்பூரத்தை ஏற்றினார். அத்தை கதவோரம் நின்று அந்த இடத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பாவின் டம்ளரில் பால் காப்பி இருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்! மூன்று நாள் அத்தையோடு பேசவே இல்லை. ஒரு வார்த்தை மன்னிப்புக்கூடக் கேட்காத ஆளுக்கு எதற்குப் பால் என்றுதான் எனக்கு.